மேசை நடுவில் அப்பா

1

அப்பா இரண்டாம் முறை மயங்கி விழுந்த செய்தி வந்தபோது நான் வகுப்பில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குத்தான் இங்கே எனக்குச் சம்பளம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நெதர்லாந்தின் தெற்குக் கோடியில் ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு செவிலியர் கல்லூரியில் வேலை. பைக்குள் கைபேசி அதிர்ந்தது. தம்பி முருகேசன் அனுப்பியிருந்தான்: "அப்பா மறுபடி விழுந்துட்டாரு. இப்ப பரவால்ல. கெளம்பி வராத." எங்கள் குடும்பத்தில் "கெளம்பி வராத" என்றால் ஆறுதல் என்று அர்த்தம். மாணவர்களிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழைத்தேன்.

"தெப்பக்குளத்துல எறங்கி நடந்து வந்திருக்காரு. டீக்கடை வாசல்ல தட்டுத் தடுமாறி உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராம். கடைக்காரரு சீனி தூக்கலா ஒரு டீ போட்டுக் குடுத்திருக்காரு. அதக் குடிச்சு எந்திரிச்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா எல்லாம் நார்மலுங்குறாக. சுகர் நார்மல், ஈசிஜி நார்மல். போன தடவையும் இதான சொன்னாக."

"சாப்பிட்டிருந்தாரா?"

"சித்தப்பா வீட்ல சாப்பிட்டுத்தான் வந்தேன்னாரு. பிரஷர் மாத்திர கூடிப்போச்சோன்னு டாக்டர் சந்தேகப்படுறாரு, கொறச்சு எழுதியிருக்காரு. அக்கா, நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். இனிமே அவரு திருவாதவூருக்குப் போக வேணாம். போனது போதும்."

அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. மதுரை வண்டியூரில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். திருவாதவூரில் பூர்வீக நிலம் கொஞ்சம் உண்டு. அதைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். வாரத்தில் இரண்டு நாள் அப்பா விடிந்ததும் பஸ் ஏறி அங்கே போய், வரப்பில் நடந்து, வாய்க்கால் தண்ணீரைப் பற்றி நாலு பேரிடம் வாக்குவாதம் செய்துவிட்டு மதியத்துக்குள் திரும்புவார். வண்டியூரில் அவர் ஒரு தாத்தா. திருவாதவூரில்தான் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடப்படும் ஆள். விழுந்த இரண்டு முறையும் அங்கிருந்து திரும்பும் வழியில்தான் விழுந்தார். தம்பி சொன்னதில் நியாயம் இருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. அவர் மறுபடி விழுந்துவிடுவார் என்றும் பயம், போகாமலே இருந்து மங்கிப்போய்விடுவார் என்றும் பயம். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மறுபடி வாயை மூடி உட்கார்ந்தேன்.

2

என் வேலையைச் சொல்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும்.

சிக்கல்வழிக் கற்றல் என்று தமிழில் சொல்லலாம். பாடம் நடத்துவது கிடையாது. ஒரு மேசையைச் சுற்றிப் பத்து மாணவர்கள். அவர்கள் முன்னால் ஒரு நோயாளியின் கதை, ஒரு பக்கம். அவர்களில் ஒருவர் தலைமை, ஒருவர் பலகையில் எழுதுவார். நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதைப் படித்தால் இது விளங்கும் என்று அவர்களே பேசிக் கேள்விகளை உருவாக்குவார்கள். பிறகு கலைந்து போய்ப் படிப்பார்கள். சில நாள் கழித்துக் கூடி, கண்டதைச் சொல்வார்கள். ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். விடை தெரிந்தாலும் சொல்லக் கூடாது.

பசுமலையில் படித்து, மதுரையிலேயே ஒரு செவிலியர் கல்லூரியில் நோட்ஸ் சொல்லி எழுதவைத்தவள் நான். நான் இருமினால்கூட எழுதிக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். எங்கள் ஊரில் ஒருவர் வழி கேட்டால், தெரியாதவரும் சேர்ந்து நாலு பேராக நின்று வழி சொல்வோம். கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது எங்களுக்கு மரியாதைக் குறைவு. இங்கே அதுவே தொழில்.

வந்த புதிதில் வாயைக் கட்டிவிட்டேன். ஆனால் பருவ முடிவில் மாணவர்கள் எழுதிய கருத்தில் ஒன்று இப்படி இருந்தது: "சுந்தரி எதுவும் சொல்வதில்லை. ஆனால் அவர் தலை சொல்லிவிடுகிறது. அது ஆமாம் என்கிறதா, இல்லை என்கிறதா என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை." பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் என்னைச் சுந்தரி என்று கூப்பிடுவதைக்கூட இரண்டு வாரத்தில் ஏற்றுக்கொண்டேன். தலையை நிறுத்தத்தான் ஒரு பருவம் முழுதும் பிடித்தது.

இப்போது நான் இதில் கெட்டிக்காரி. தற்பெருமை என்று வைத்துக்கொண்டாலும் சரி, புது ஆசிரியர்கள் சும்மா இருப்பது எப்படி என்று பார்க்க என் வகுப்புக்குத்தான் அனுப்பப்படுகிறார்கள். மதுரைக்காரி ஒருத்தி சும்மா இருக்கப் பயிற்சி கொடுக்கிறாள் என்றால் என் சொந்தத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

3

இந்த நாட்டில் நான் கற்ற முதல் பாடம் கல்லூரியில் இல்லை, பக்கத்து வீட்டில்.

குடிவந்த வாரமே அந்த வீட்டு அம்மாள் காபிக்குக் கூப்பிட்டார். பசியோடுதான் போனேன். காபி வந்தது. ஒரு தகர டப்பாவைத் திறந்து பிஸ்கட் நீட்டினார். நான் முறையாக, "வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்" என்றேன். அவர் சரி என்று தலையசைத்து டப்பாவை மூடினார். மூடியது மூடியதுதான். ஒரு மணி நேரம் அவர் தோட்டத்தைப் பற்றிப் பேசினார், நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை கேட்பார், அப்போது "சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால்" என்று ஒன்று எடுக்கலாம் என்பது என் திட்டம்.

குடியிருப்பு அட்டை வேண்டும் என்றால் மொழித் தேர்வு எழுத வேண்டும். அதற்கான வகுப்பில் இதைக் கேட்டேன். வாத்தியார் சிரிக்கவே இல்லை. "வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் நாங்கள் நம்பிவிடுவோம். உங்களை நம்புவதுதான் எங்கள் மரியாதை" என்றார். அட்டை வாங்க நான்கு முறை நகராட்சிக்கு அலைந்தேன். அந்த அலைச்சலில் கற்றதைவிட அந்த ஒரு பதிலில் கற்றது அதிகம்.

என் மகள் யாழினிக்கு இதெல்லாம் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அவள் இங்கேயே பிறந்தவள். பதினான்கு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். போன தடவை ஊருக்குப் போனபோது திருவாதவூரில் சித்தி வாசலிலேயே கேட்டார்: "வா கண்ணு, சாப்பிட்டியா?"

"இல்ல. ரொம்பப் பசிக்குது" என்றாள் யாழினி.

அந்த வீடே சிரித்தது. சித்திக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் உடம்பு கூசியது. திரும்பும் வழியில் காரில் அவளைக் கண்டித்தேன். போன உடனே அப்படிச் சொல்லக் கூடாது, ஆச்சு என்று சொல்ல வேண்டும், அவர்கள் மறுபடி கேட்பார்கள், அப்போதும் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும், மூன்றாம் தடவை உட்காரலாம் என்றேன்.

"தெரிஞ்சுக்க வேணாம்னா ஏன் கேக்குறாங்க?" என்றாள்.

பிள்ளை கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். வண்டியூர் வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

4

அப்பா விழுந்து ஒரு வாரம் கழித்து, முதலாண்டுப் பாடத்துக்கு மயக்கம் பற்றிப் புதுக் கதை ஒன்று வேண்டும் என்று கல்லூரியில் கேட்டார்கள். பழைய கதையை மூத்த மாணவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நான் எழுதுகிறேன் என்றேன். மனதில் வேறு கதை இல்லை. பெயரையும் ஊரையும் மாற்றி அப்பாவையே எழுதினேன். தம்பி சொன்னது, தம்பி மனைவி சொன்னது, சித்தப்பா சொன்னது, டீக்கடை, பஸ், அவர் போடும் சர்க்கரை மாத்திரை, அழுத்த மாத்திரை, எல்லாவற்றையும் வைத்தேன். ஆசிரியருக்கான குறிப்பில் விடை: இரத்த அழுத்த மாத்திரையின் அளவு.

கதைகளைச் சரிபார்க்க ஒரு குழு உண்டு. அவர்கள் சிவப்பு மையால் நிறையக் கோடு போட்டிருந்தார்கள்.

"ஒரு நோயாளிக்குக் கூட வந்தவர்கள் ஐந்து பேரா?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"அன்றைக்கு வேலைநாள். அதனால்தான் ஐந்து" என்றேன்.

"எல்லோரும் பேசுகிறார்கள். நோயாளி ஒரு வார்த்தை பேசவில்லையே."

"எங்கள் ஊரில் அப்படித்தான்."

"அந்த டீயும், அவர் எந்த வீட்டில் சாப்பிட்டார் என்ற பேச்சும் விடைக்குத் தேவையில்லை. எடுத்துவிடலாமா?"

விடமாட்டேன் என்றேன். பத்து வருடமாக இந்த ஊர்க் கதைகளில் சீஸும் சைக்கிளும் வருகின்றன, நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம், ஒரு கதையில் எங்கள் டீ இருந்தால் என்ன என்று கேட்டேன். மண்வாசனைக்காகச் சண்டை போட்டேனே தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியாது. அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

அந்த வாரங்களில் ஊரில் தம்பி ஜெயித்துவிட்டான். அப்பா திருவாதவூர் போகவில்லை, விழவும் இல்லை. "பாத்தியாக்கா, அம்புட்டுத்தான் விசயம்" என்றான். நான் தினமும் அப்பாவை அழைப்பேன். "சாப்பிட்டீங்களாப்பா?" "ஆச்சும்மா." அதற்கு மேல் அவரிடம் பேச்சு இல்லை. முன்பெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் வந்த கதை அரை மணி ஓடும்.

5

அந்தக் கதை என் குழுவுக்கே வந்தது. மேசை நடுவில் அப்பா கிடந்தார். சுற்றிலும் பத்துப் பேர் உட்கார்ந்து அவரைப் படித்தார்கள்.

முதலில் இதயம் என்றார்கள். பிறகு வெயில், பிறகு இரத்த அழுத்த மாத்திரை. என் குறிப்பில் இருந்த விடை வந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி. தலை ஆடாமல் பார்த்துக்கொண்டேன். அன்றைக்குத் தலைமை ஏற்றிருந்தவள் ஃபெம்கே என்ற பெண். பண்ணை வீட்டுப் பிள்ளை, கால் நீட்டி உட்கார்ந்து எதையும் முகத்துக்கு நேரே கேட்பாள்.

"அழுத்த மாத்திரையை அவர் இரவில் போடுகிறார். மயக்கம் மறுநாள் நண்பகலில் வருகிறது. அதுவும் பயணம் போன நாளில் மட்டும். எனக்கு ஒட்டவில்லை" என்றாள்.

"சர்க்கரை குறைந்திருக்கலாமே. காலையில் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை மாத்திரை போடுகிறார்" என்றான் பாஸ் என்கிற நெடுநெடு பையன்.

"மருத்துவமனையில் சர்க்கரை சரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறதே."

"அது டீக்கு முன்னாலா, பின்னாலா?"

கேட்டவள் ஃபெம்கே. எனக்குக் காது சூடாகிவிட்டது. இருபது வருடம் செவிலியர் தொழில் பார்த்தவள் நான். சீனி தூக்கலாக டீ குடித்துவிட்டு ஆட்டோவில் போய்ப் பார்த்த சர்க்கரை அளவை நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

"ஆனால் அவர் சாப்பிட்டிருக்கிறார்" என்றாள் இன்னொருத்தி. "மகன் வீட்டில் சொல்கிறார்கள், தம்பி வீட்டில் சாப்பிட்டார் என்று. தம்பி வீட்டில் சொல்கிறார்கள், மகன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார் என்று."

ஃபெம்கே தாளைக் கையில் எடுத்து மறுபடி படித்தாள். "இதில் யாருமே அவர் சாப்பிட்டதைப் பார்க்கவில்லை" என்றாள். எழுந்து போய்ப் பலகையில் எழுதினாள். டீக்கு முன்னா, பின்னா? சாப்பிட்டதை யார் பார்த்தார்? மயக்கம் தொடங்கியதற்கு முன் அந்த வீடுகளில் என்ன மாறியது?

அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். விதிப்படி நான் எதுவும் சொல்லக் கூடாது. அன்றைக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவும் இல்லை. வகுப்பு கலைந்ததும் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு சைக்கிளை வேகமாக மிதித்தேன்.

6

முதலில் தம்பி வீடு. தம்பி மனைவி எடுத்தாள். ஊருக்குப் போகும் நாளில் மாமா ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார், இட்லி ஊற்றுகிறேன் என்றால் "எதுக்கும்மா, ஊர்ல தம்பி வீட்ல சாப்பிட்டுக்கிறேன்" என்பார், மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்வார் என்றாள். பின்னால் தம்பி குரல் கேட்டது: "அக்கா என்ன, போலீசு கணக்கா விசாரிக்கிறா?"

அடுத்து சித்தப்பா.

"அண்ணே வண்டியூர்லயே சாப்பிட்டுத்தானத்தா வாராரு. கேட்டா ஆச்சுன்றுவாரு."

"நீங்க கேப்பீங்களா சித்தப்பா?"

"நான் அந்நேரம் வயல்ல கெடப்பேன். உங்க சித்திதான் கேப்பா. அவ கோயம்புத்தூருக்குப் போயி மூணு மாசமாகப் போகுது, மக பேறுகாலத்துக்கு. இப்ப மருமக கவிதா கேக்குது. நல்ல பிள்ள. வேலைக்குக் கெளம்புற அவசரத்துலயும் கேக்காமப் போகாது."

சாப்பாட்டு மேசையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த யாழினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "மத்தவங்ககிட்டயே கேக்குறீங்க. தாத்தாகிட்ட ஏன் கேக்கல?" என்றாள்.

தினமும் கேட்கிறேனே என்றேன். அவள் என் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டாள். திரையில் அப்பா முகம் வந்தது. சவரம் செய்யாமல் இருந்தார்.

"தாத்தா, நீங்க விழுந்தீங்கல்ல, அன்னைக்குக் காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ஆச்சு தாயி."

"ஆச்சுங்கறது சாப்பாடு இல்ல. பேர் சொல்லுங்க. இட்லியா, தோசையா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். யாழினி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். என் பத்து வருடப் பயிற்சிக்கு அந்த நேரம்தான் சோதனை. சும்மா இருந்தேன்.

"சாப்பிடல தாயி" என்றார் அப்பா.

"பசிக்கலையா?"

"பசிக்காம என்ன. நல்லாப் பசிச்சுச்சு."

"அப்புறம் ஏன் ஆச்சுன்னு சொன்னீங்க?"

"ஒரு தடவ கேட்டதும் உக்காந்துட்டா என்ன நெனைப்பாக? உங்க சின்ன அம்மாச்சின்னா விடமாட்டா. மூணு தடவ கேட்டு, கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சிருவா. இந்தப் பிள்ளைக்கு வேலைக்கு நேரமாச்சு. நான் ஆச்சுன்னதும் சரி மாமான்னு போயிருச்சு. மறுக்கா கேக்கும்னு செத்த நேரம் வாசல்ல நின்னு பாத்தேன்."

"வீட்டுக்கு வந்து அங்க சாப்பிட்டேன்னு சொன்னீங்களே?"

"சாப்பிடலன்னு சொன்னா அந்தப் பிள்ளைக்குல்ல கெட்ட பேரு."

எனக்கு அந்தத் தகர டப்பா மூடும் சத்தம் கேட்டது. என் வயிற்றில் பசியோடு நான் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தை, திருவாதவூரில் தன் சொந்தத் தம்பி வீட்டு வாசலில், சர்க்கரை மாத்திரை போட்ட வயிற்றோடு அப்பா நின்று கழித்திருக்கிறார். அழுதுவிட்டேன். யாழினி ஒரு கையால் கைபேசியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் தோளைத் தட்டினாள்.

7

மருத்துவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து பேர் சேர்ந்து, அவர் சாப்பிட்டார் என்று சத்தியம் செய்தால் யார்தான் நம்ப மாட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அவர் மாத்திரையை மாற்றி எழுதினார். தட்டு முன்னால் வந்த பிறகுதான் மாத்திரையைக் கையில் எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

கவிதாவிடம் நானே பேசினேன். "என்மேல தப்பா மதினி? மாமா ஆச்சுன்னாரு, நான் நம்பிட்டேன்" என்றாள். நம்பியதில் தப்பே இல்லை, ஒரு நாடு முழுக்க அப்படித்தான் நம்புகிறார்கள் என்றேன். இனிமேல் கேட்கவே வேண்டாம், ஆள் வந்ததும் தட்டை வைத்துவிடு என்றேன். தம்பி இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, போகட்டும். பஸ் ஏறுனதும் போன் பண்ணச் சொல்லு" என்றான்.

மாணவர்கள் மறுபடி கூடியபோது சர்க்கரை குறைந்ததுதான் காரணம் என்று நன்றாகவே நிறுவினார்கள். ஆனால் பசித்த மனிதர் சாப்பிட்டேன் என்று ஏன் சொன்னார் என்பதில் முட்டிக்கொண்டு நின்றார்கள். வறுமையா, மறதியா, மனச்சோர்வா என்று அலசினார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. பையிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்து மேசையைச் சுற்றி நீட்டினேன். பாதிப் பேர் எடுத்தார்கள். பாஸ் வேண்டாம் என்றான். மறுபடி அவனிடம் நீட்டினேன். சங்கடத்தோடு வேண்டாம் என்றான். மூன்றாம் முறை நீட்டினேன். சிரித்துவிட்டு இரண்டு எடுத்தான்.

"உனக்கு முதலிலேயே வேண்டியிருந்ததா?" என்று கேட்டாள் ஃபெம்கே.

"ஆமாம். ஆனால் கொஞ்சம்தான் இருந்தது" என்றான் பாஸ்.

ஃபெம்கே என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், எழுந்து போய்ப் பலகையில் எழுதினாள்: அவரை ஒரு முறைதான் கேட்டார்கள். ஆசிரியர் குறிப்பிலிருந்த விடையை அன்று மாலையே அடித்துவிட்டு அந்த வாக்கியத்தை எழுதினேன். சரிபார்க்கும் குழு ஒரு கோடும் போடவில்லை.

அப்பா இப்போது போய்வருகிறார். போகும் நாளில் இங்கே விடிவதற்கு முன்பே யாழினி அலாரம் வைத்து எழுகிறாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான். இன்று நான் தூக்கக் கலக்கத்தோடு கீழே இறங்கியபோது அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் திருவாதவூர் வெயிலில் அப்பாவின் நன்றாகச் சவரம் செய்த முகம்.

"தாத்தா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு தாயி. தட்டு வச்சுட்டாக."

"சாப்பிட்டீங்களா?"

"அதான் ஆச்சுங்குறேன்ல."

யாழினி அவசரப்படவில்லை. போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு மூன்றாம் முறை கேட்டாள்.

அப்பா திரும்பி, உள்ளே பார்த்து, "ஏம்மா கவிதா, இன்னும் ரெண்டு வையி" என்றார்.